மெயின் விண்டோவுக்குப் பின்னால் ஒளியும் டயலாக்

வணக்கம் நண்பரே. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு எழுதிய ஸ்டாக் புரோகிராமில், பேக்கிரவுண்ட் த்ரெட்டிலிருந்து (பின்னணியில் தனியாக ஓடும் வேலை) வரும் "சேமிக்கவா?" டயலாக் (பதில் கேட்கும் சின்ன விண்டோ) மெயின் விண்டோவுக்குப் பின்னால் போய்விடுகிறது, ஆபரேட்டர் ஹேங் ஆகிவிட்டதென்று கம்ப்யூட்டரையே அணைத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேலூரில் ஒரு மண்டிக்கு நான் செய்த பில்லிங்கிலும் இதேதான் நடந்தது. ஒரு நாள் கணக்கு முழுக்கப் போச்சு. அந்தக் கணக்கப்பிள்ளையின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிக்கல் அந்த த்ரெட்டில்தான். விண்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் புரோகிராம்களுக்கு ஃபார்ம் அமைக்கும் டாட்நெட் கருவி) ஓனர், அதாவது டயலாக் எந்த விண்டோவைச் சேர்ந்தது என்று சொல்லாமல், டயலாக்கைத் திறக்கும் ஷோடயலாக்கைக் கூப்பிட்டால், கூப்பிட்ட த்ரெட்டில் அப்போது ஆக்டிவாக உள்ள விண்டோவையே ஓனராக எடுத்துக்கொள்ளும். உங்கள் பேக்கிரவுண்ட் த்ரெட்டில் விண்டோவே இல்லையே, டயலாக் யாரைப் பிடித்துக்கொள்ளும்? முதலில், வேலையை வேறு த்ரெட்டுக்கு மாற்றிவிடும் இன்வோக் போட்டு, திரையில் விண்டோக்களைக் கவனிக்கும் யூஐ த்ரெட்டுக்கு வாருங்கள். அங்கே மெயின் ஃபார்முக்குள்ளிருந்து ஷோடயலாக்(திஸ்) என்று, அந்த ஃபார்மையே ஓனராகக் கொடுங்கள். பிறகு அது மெயின் விண்டோவுக்கு மேலேயேதான் நிற்கும்.

எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கவைக்கும் டாப்மோஸ்ட் போடச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். டேலி, பிரவுசர் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று: ஷோடயலாக்கில் திறந்த ஃபார்ம், மூடினாலும் தானாக டிஸ்போஸ் ஆகாது, அதாவது பிடித்துவைத்ததை விடாது. வேலை முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் யூசிங் பிளாக்குக்குள் வையுங்கள். ஃபார்மின் கேன்சல்பட்டனாக ரத்து பட்டனையும் செட் செய்துவிட்டால், அதை அழுத்த எஸ்கேப் சாவி வேலை செய்யும். மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.