காலையில் 490, மதியம் 400: சென்சார் பழுதா?

மொட்டைமாடி சென்சார் விடியற்காலையில் 490, மதியம் 400 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) கார்பன் டை ஆக்சைடு காட்டுகிறது, பழுதா என்று கேட்டிருந்தீர்கள். காலை அளவு சரிதான். இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று மேலே எழாமல் தங்கிவிடும். வண்டிப் புகை, செடியும் மண்ணும் விடும் மூச்சு எல்லாம் அதிலேயே சேரும். வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

இடிப்பது அந்த மதிய 400தான். உலக சராசரியே 420ஐத் தாண்டிவிட்டதே, நகரத்துக்குள் அதற்குக் கீழே எப்படி? மலிவான சென்சார்கள் பலவற்றில் தானியங்கி அளவுத்திருத்தம் இருக்கும். ஒரு வாரம் போலப் பார்த்து, அதில் ஆகக் குறைந்த அளவை 400 என்று தானே வைத்துக்கொள்ளும். முதலில் அதை நிறுத்துங்கள்.

அப்புறம் ஈரப்பதம். வெப்பமண்டல மதியக் காற்றில் நீராவியே 3 சதவீதம் வரை இருக்கும். அந்த அளவுக்கு மற்ற வாயுக்களின் பங்கு குறையும். உலர்காற்றில் 420 இருப்பது 407 ஆகிவிடும். ஆய்வு நிலையங்கள் தருவது உலர்காற்றுக் கணக்கு. ஆகவே பக்கத்திலேயே வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் பதிவு செய்து திருத்திக்கொள்ளுங்கள்.

மீத்தேனையும் இப்படியே அளக்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். காற்றில் அது இருப்பதே 2 பிபிஎம் அளவில்தான். மலிவு சென்சாரில் ஈரப்பதத்தால் வரும் ஆட்டமே அதை விழுங்கிவிடும்.