ஏப்ரல் வெயிலை நம்பி வெண்டி போடாதீர்கள்

தங்கச்சி, ஜனவரியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்திறங்கியிருக்கிறீர்கள். பின்வளவில் பனி உருகிவிட்டது, கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல் எல்லாம் இப்போதே போடலாமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பதறித்தான் எழுத உட்கார்ந்தேன். கார் காப்புறுதி எங்கே மலிவு, பிள்ளைக்கு எந்த நீச்சல் வகுப்பு நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் தோட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் வெயில் 15 பாகை செல்சியஸ் காட்டும். அன்றைக்கே எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்கள். விதைக்குக் காற்றின் சூடு தெரியாது, மண்ணின் சூடுதான் தெரியும். இங்கே நிலம் எவ்வளவு ஆழத்துக்கு உறையக்கூடும் என்று பார்த்துத்தான் வீட்டு அத்திவாரத்தையே நாலடி கீழே இறக்குகிறார்கள். உறைந்த நிலம் பெரும்பாலும் மேலிருந்துதான் இளகிக்கொண்டு போகும். அடி இறுகிக் கிடப்பதால் உருகிய நீருக்குக் கீழே போக வழியில்லை, மேல்மண்ணிலேயே தேங்கும். அந்தக் குளிர்ச் சேற்றுக்குள் வெண்டி விதையைப் போட்டால் ஊறி அழுகுமே தவிர முளைக்காது. வெண்டிக்கும் பயற்றைக்கும் மண் 18, 20 பாகைக்காவது வரவேண்டும். இறைச்சிக்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி வீட்டில் இருந்தால் காலை வேளையில் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்கிப் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

ரொறன்ரோவில் மே முதல் பாதிவரை இரவில் உறைபனி விழலாம். அதனால்தான் பழைய ஆட்கள் விக்ரோறியா நாளை, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமையை, கணக்காக வைத்திருக்கிறார்கள். வெண்டி, பயற்றை, பாகல் எல்லாம் அதற்குப் பிறகு. கத்தரியும் மிளகாயும் நேரே வெளியில் விதைத்துக் காய் பறிக்க இந்த ஊர்க் கோடை போதாது. மார்ச்சிலேயே வீட்டுக்குள் நாற்றுப் போட்டிருக்க வேண்டும். இந்த வருடம் கன்றாக வாங்குங்கள், ஆனால் இப்போது வேண்டாம். ஏப்ரல் முடிவதற்குள் கடை வாசல்களில் தக்காளிக் கன்றுகளை அடுக்கிவிடுவார்கள். அவை உறைபனியில் கருகினால் நீங்கள் திரும்பி வந்து இன்னொரு தட்டு வாங்குவீர்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்காக மே கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. குளிரை விரும்பும் பயிர்கள் இருக்கின்றன. பச்சைப் பட்டாணி 5 பாகை மண்ணிலும் மெதுவாக முளைக்கும். முள்ளங்கி, ஸ்பினச், லெட்டியூஸ், கடுகுக்கீரை எல்லாம் அப்படித்தான். மல்லியையும் ஏப்ரல் நடுவில் தூவலாம், முளைக்கக் கொஞ்சம் நாளெடுக்கும். சமையலறை வெந்தயத்தையே ஒரு பிடி எடுத்துத் தூவிவிட்டு, உறைபனி என்று சொல்லும் இரவில் பழைய படுக்கை விரிப்பால் மூடுங்கள். இவற்றைப் பிந்திப் போட்டால்தான் வீண். ஜூனில் பகல் பதினைந்து மணிநேரத்துக்கு நீளும்போது ஸ்பினச் பூத்துக் கசந்துவிடும், வெக்கை வந்தால் மல்லியும் பூக்கும், பட்டாணி காய்ப்பதை நிறுத்திவிடும். ஊர்க் காய்தான் காய் என்று பிடிவாதம் பிடிக்கும் நம்மவர்கள் இந்த இரண்டு மாதத்தையும் வெறும் நிலமாக விட்டுவிட்டு, கனடாவில் ஒன்றும் வராது என்று குறை சொல்வார்கள். முருங்கையைத் தொட்டியோடு வரவேற்பறைக்குத் தூக்கிக் குளிர்காலம் முழுக்க இலை கொட்டவைத்துப் படமெடுத்துப் போடுகிறவர்களும் இவர்கள்தான். மே நடுவில் எங்கள் வீட்டில் முள்ளங்கி இலை வறை இருக்கும். வந்து சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லட்டும்.

நான் வந்தது எண்பதுகளின் கடைசியில், நல்ல குளிருக்குள். பேஸ்மென்ட் வாடகைக்குத் தந்தவர் நம்மவர்தான். குளிக்கும் வெந்நீருக்குக் கணக்குப் பார்ப்பார், பின்வளவில் ஒரு முழம் நிலம் கேட்டதற்குப் புல் கெட்டுவிடும் என்றார். சொந்த வீடு வாங்கிய பிறகுதான் மண்ணைத் தொட்டேன். யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் வளர்ந்த எனக்கு, எவ்வளவு இறைத்தாலும் தண்ணீரைக் குடித்துவிடும் நிலம்தான் பழக்கம். இங்கே இருப்பது களிமண்.

பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலிக் கிழவர் இருந்தார். நவம்பரில் அத்திமரத்தை ஒரு பக்கம் வேர் வெட்டிச் சாய்த்து, குழியில் படுக்கவைத்து, பலகையும் மண்ணும் போட்டு மூடுவார். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார், அது காய்க்கவும் செய்யும். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் அப்போது ஒரே தரம். வேலிக்கு மேலால் கையை நீட்டி என் பாத்தியில் ஒரு பிடி மண் எடுத்து இறுக்கிப் பிடித்தார். விரித்தபோது உருண்டை பளபளவென்று, விரல் ரேகை பதிந்து இருந்தது. கட்டை விரலால் அழுத்தினார், நசுங்கியதே தவிர உடையவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார். சில நாள் கழித்து மறுபடி பிடித்தார். அழுத்தியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. “இப்போது” என்றார். ஈரக் களியைக் கொத்தினாலும் மிதித்தாலும் இறுகிக் கட்டிபட்டுவிடும், பிறகு கோடை முழுக்க வேர் உள்ளே போகாது. நீங்களும் பிடித்துப் பாருங்கள். உதிராவிட்டால் பாத்திக்குள் காலே வைக்காதீர்கள்.

ஊரிலிருந்து விதை வரவழைக்கலாமா என்பதற்கு ஒரே வரி: யார் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இங்கே தமிழ்க் கடைகளிலேயே விதை கிடைக்கிறது.

பாகலுக்குப் பந்தல் போடுவதானால் முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பந்தல் கால் நடுவதற்குக் குழி தோண்டுமுன் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு அறிவித்தால் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடங்களை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். அதற்குச் சில நாள் எடுக்கும், மே வரை அவகாசம் இருக்கிறது. பட்டாணிக்கு நாலு குச்சி போதும்.