மாதிரிக்கு என்று ஒரு வேலை

அன்புள்ள ஐயா,

கோவையில் தனியாக வரைகலைப் பணி செய்துவருகிறேன். ஒரு மசாலா நிறுவனம் லோகோவுக்கும் பாக்கெட்டுக்கும் என்னிடமும் வேறு நால்வரிடமும் மும்மூன்று மாதிரிகள் கேட்டிருக்கிறது. தேர்வாகிறவருக்கு மட்டுமே பணம். "ரூபாய்ச் சின்னத்துக்கு அரசாங்கமே போட்டிதானே வைத்தது?" என்கிறார்கள். கையில் வேறு வேலை இல்லை. பழைய பாக்கிகளும் வரவில்லை. செய்து கொடுக்கலாமா?

க.

அன்புள்ள க.,

வேண்டாம் என்பதே என் கருத்து.

அவர்கள் காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2009இல் நிதியமைச்சகம் அறிவித்த அப்போட்டியில் பங்கேற்க 500 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. இறுதிச் சுற்றை எட்டிய ஐவருக்குத் தலா 25,000 ரூபாயும், வென்ற உதயகுமாருக்கு 2.5 லட்சம் ரூபாயும் பரிசு. மற்ற அனைவரும் உழைப்பையும் தந்து, அதற்குக் கட்டணமும் கட்டினார்கள் என்பது எனக்கு உவப்பானதல்ல. ஆயினும் பரிசு எவ்வளவு, உரிமை யாருக்குப் போகும் என்பவை அங்கே முன்கூட்டியே எழுத்தில் இருந்தன. வென்றவரின் பெயரும் நிலைத்தது. மசாலா பாக்கெட்டில் உங்கள் பெயர் வரப்போவதில்லை.

உரிமை விஷயத்தில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தானே தொழில் நடத்தும் ஒருவர் கூலி வாங்காமல் வரைந்த ஓவியத்தின் உரிமை அவருடையதே; அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தராமல் அது கைமாறாது. ஆனால் சட்டம் காப்பது வரைந்த வடிவத்தையே தவிர, அதற்குள் இருக்கும் யோசனையை அல்ல. உங்கள் நிறத்தையும் இன்னொருவரின் எழுத்தமைப்பையும் மூன்றாமவரின் மிளகாய்ப் படத்தையும் கலந்து, அவர்களின் அலுவலகப் பையன் ஒருவனே பாக்கெட்டை முடித்துவிட்டால், எந்த நீதிமன்றத்தில் போய் எதை நிரூபிப்பீர்கள்?

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. ஒரு விளம்பர நிறுவனத்துக்காக, "சும்மா ஒரு சாம்பிள்" என்று கேட்கப்பட்ட அரைப்பக்க வாசகத்தை ஒன்பது முறை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு முறையும் "இது இல்லை" என்றார்களே ஒழிய, எது வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களுக்கே அது தெரியவில்லை என்பதும், தெரிந்துகொள்ளும் சிரமத்தை என் செலவில் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் பிறகுதான் விளங்கியது. முன்பணமாக ஐயாயிரம் கொடுக்க நேர்ந்த மனிதர், அதைக் கொடுக்கும் முன் தனக்கு என்ன தேவை என்று ஒரு மாலையாவது உட்கார்ந்து யோசிப்பார். (நண்பரின் சிற்றிதழுக்கோ ஊர் நூலகத்துக்கோ நீங்களாக விரும்பி இலவசமாக வரைந்து கொடுப்பது வேறு கணக்கு.)

ஆகவே, இதுவரை செய்த வேலைகளில் சிறந்த பத்தை அனுப்புங்கள். புதிதாக ஒரு மாதிரி வேண்டுமென்றால் அதற்கு இவ்வளவு தொகை, வேலை உங்களுக்கே கிடைத்தால் மொத்தக் கூலியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் வடிவத்தின் உரிமை உங்களிடமே இருக்கும் என்று பணிவாக எழுதுங்கள். அவர்கள் மறுத்தால், மாதிரிகளுக்குச் செலவாகியிருக்கும் அந்த நாட்களில் பழைய பாக்கிகளைக் கேட்டு நேரில் போய்வாருங்கள்.