பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல எழுத்து அவ்ளோ அழகா இருந்தது நிஜமா, இல்ல பழசு மேல இருக்கற மோகமா?

நிஜமாவே அழகாத்தான் இருந்துச்சு. நான் பேஜ் லேஅவுட் வேலை பாக்கறவன், நாள் பூரா தமிழ் எழுத்தோடதான் பொழப்பு, அதனால காரணத்தோடயே சொல்றேன்.

இங்கிலீஷ் புக்ல அலங்காரம்னா முதல் எழுத்தைப் பெருசா வரைஞ்சு சுத்தி கொடி, பூ, பறவைன்னு விடுவாங்க. நம்ம ஊர்ல அது பெருசா வேர் பிடிக்கல. எனக்குத் தோணற காரணம், நம்ம எழுத்தே பாதி கோலம் மாதிரிதான், அது மேல இன்னொரு கோலம் எதுக்கு? மூ, ணூ, ஞீ, இதையெல்லாம் கொஞ்சம் பெருசாக்கி வச்சுப் பாருங்க, மேல ஒரு வளைவு போகும், கீழ ஒரு சுழி இறங்கும், பக்கத்துல ஒரு வால் நீளும். இந்த எழுத்துக்கு வேணும்கறது ஒண்ணே ஒண்ணுதான், இடம். பழைய அச்சுக்கூடத்து ஆளுங்களுக்கு அது தெரிஞ்சிருந்தது, அழகோட ரகசியம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு.

19ஆம் நூற்றாண்டுக் கடைசில வந்த ஏதாவது ஒரு செய்யுள் புத்தகத்தோட முதல் பக்கத்தை எடுத்துக்கோங்க. உச்சில சின்னதா ஒரு 'உ', அதுக்குக் கீழ 'சிவமயம்' இல்லன்னா 'கடவுள் துணை', அடுத்து புத்தகத்தோட பேரு நல்ல தடிச்ச எழுத்துல. அப்புறம் 'இஃது'ன்னு ஒரே ஒரு வார்த்தை, ஒரு முழு வரியை அது மட்டும் எடுத்துக்கிட்டு நடுவுல நிக்கும். அதுக்குக் கீழ இன்ன ஊர் இன்னார் இயற்றியது, அதை இன்னார் பார்வையிட்டு, இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது, இன்ன வருஷம் இன்ன மாசம், விலை இத்தனை அணா. கவனிச்சீங்கன்னா அந்தப் பக்கம் மொத்தமும் ஒரே வாக்கியம்! அந்த ஒரு வாக்கியத்தை நீள வரி, குட்டை வரி, பெரிய எழுத்து, பொடி எழுத்துன்னு உடைச்சு நடுவுல அடுக்கியிருப்பாங்க, தூரத்துல வச்சுப் பாத்தா மேல அகலமா ஆரம்பிச்சு இடுப்புல ஒடுங்கி மறுபடி விரியற மாதிரி ஒரு உருவம் கிடைக்கும், சுத்தி ஒரு பூ பார்டர், அவ்ளோதான். படமே கிடையாது. இன்னிக்கு டைட்டில் பக்கம்னா நடுவுல பேரு கீழ லோகோ, முடிஞ்சுது வேலை.

இதையெல்லாம் செஞ்சது கம்பாசிட்டர்கள், அதாவது ஈய எழுத்தை ஒண்ணொண்ணா அச்சு கோக்கறவங்க. தமிழ் கம்பாசிட்டர் வேலை லேசுப்பட்டது இல்ல. உகர ஊகாரத்துக்கு மட்டும் 18 மெய்க்கும் தனித்தனி உருவம், கு கூ, ஙு ஙூன்னு போயி 36 அச்சு, அது போக கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனி அறையில கிடக்கும், இதை எல்லாம் தலைகீழாவும் இடவலம் மாறியும் படிச்சுக்கிட்டே ஸ்டிக்ங்கற கைத்தட்டுல கோக்கணும். வரிக்கும் வரிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஈயப் பட்டை வைப்பாங்க, லெட்டுன்னு சொல்றது அதைத்தான். மேல் வரியில ஒரு 'சூ' கீழ இறங்கி, கீழ் வரியில ஒரு 'கீ' மேல ஏறினாலும் ரெண்டும் முட்டிக்காம நிக்கறது அந்தப் பட்டையாலதான். இப்போ பக்கம் மிச்சம் பண்ணணும்னு கம்ப்யூட்டர்ல லைன் ஸ்பேஸிங்கைக் குறைச்சுடறாங்க, இங்கிலீஷுக்கு இருக்கற அளவையே தமிழுக்கும் அப்படியே விட்டுடறாங்க. ரெண்டு பக்கம் படிச்சதும் கண்ணு சோர்ந்து போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பேப்பர் மிச்சம் பண்ற கவலை இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. தமிழ் எழுத்துலயே இந்தியாவுல முதல்ல அச்சான புத்தகம்னு சொல்றது 1578ல கொல்லத்துல வந்த தம்பிரான் வணக்கம், அண்ட்ரிக் அடிகளார்ங்கற போர்த்துகீசியப் பாதிரியார் தந்தது, மொத்தமே 16 பக்கம், மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இருக்காது. அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு தரங்கம்பாடிக்கு ஜெர்மனில ஹாலேங்கற ஊர்ல இருந்து தமிழ் அச்சு வந்துச்சு, 1713 வாக்குல. ஆனா எழுத்து ரொம்பப் பெருசு, அதுல பைபிள் அடிச்சா காகிதம் கட்டுப்படி ஆகாது. அதனால இங்கேயே பொறையாறுல சின்ன எழுத்தா வார்த்தாங்க, புதிய ஏற்பாடு 1715ல முழுசா வந்தது அப்படித்தான்.

ஆனா சின்னதும் அழகும் ஒண்ணா சேந்ததுன்னா நான் காட்டறது 1862ல வந்த வின்ஸ்லோ தமிழ்-இங்கிலீஷ் அகராதியைத்தான். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்துல பி. ஆர். ஹண்ட்னு ஒருத்தர் இருந்தார், தமிழ் அச்செழுத்தைச் சின்னதா, தெளிவா, உருண்டையா ஆக்கினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அறுபதாயிரத்துக்கு மேல சொல் இருக்கற அகராதி, பக்கத்தை நெருக்கித்தான் அடிச்சிருக்காங்க, இருந்தாலும் ஒரு சொல்லைத் தேடினா கண்ணு நேரா அங்க போயி நிக்குது. ஒரு அகராதிக்கு இதைவிட என்ன அழகு வேணும்?

இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் நம்மகிட்ட இருக்கு. 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதைன்னு புத்தகப் பேர்லயே எழுத்தோட சைஸைச் சொல்லி விப்பாங்க. சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துல ஒருத்தர் சத்தமா படிக்க மத்தவங்க சுத்தி உக்காந்து கேக்கற காலம், வாசிக்கறவர் கண்ணுக்குத் தெரியணும்ல. மட்டமான பேப்பர், மை அங்கங்க ஈஷியிருக்கும், ஆனாலும் அந்தக் குண்டு எழுத்துல ஒரு கம்பீரம் இருக்கும் பாருங்க, வழவழ பேப்பர்ல வர்ற எத்தனையோ புத்தகத்துல அது இல்ல.

அப்புறம் அந்தத் தும்பிக்கை. பழைய புத்தகத்துல ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னாடி இணைக்கொம்பு போட மாட்டாங்க, எழுத்து மேலயே யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி ஒரு வளைவு ஏறி இறங்கும். ணா, றா, னாவுக்குத் தனியா கால் கிடையாது, எழுத்தோட வாலே சுழிச்சு காலாயிடும். பெரியார் 1935லயே குடி அரசுல இதை மாத்தி அச்சடிக்க ஆரம்பிச்சார், தமிழ்நாடு அரசு 1978ல ஆணை போட்டு ஏத்துக்கிச்சு, இதே கால் வர்ற ணொ, ணோ, றொ, றோ, னொ, னோவும் சேத்து மொத்தம் 13 எழுத்து. குழந்தைங்க படிக்க, டைப் அடிக்க, அச்சு கோக்க எல்லாத்துக்கும் அது நல்ல மாற்றம், அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஆனா தலைப்புக்கு வரையற எழுத்துல அந்தத் தும்பிக்கையை விட்டுடக் கூடாதுன்னு நினைக்கறேன். 'மாலை', 'அன்னை'ன்னு ஒரு தலைப்பைப் பழைய வடிவத்துல எழுதிப் பாருங்க, அந்த வளைவே அட்டைக்குப் போதும். கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் பொதுவா நம்பர் குறிக்கற யூனிகோட்ல பழைய 'லை'க்குன்னு தனி கோட் கிடையாது, ரெண்டுக்கும் அதே கோட்தான், எந்த வடிவத்துல தெரியணும்கறது ஃபான்ட் கையில இருக்கு, அதனால செய்யறதுக்குத் தடையும் இல்ல.

தலைப்பு எழுத்துன்னு பேச்சு வந்தா ஓவியர் ஆதிமூலத்தை விட்டுட்டுப் போக முடியாது. சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் அவர் வரைஞ்சு கொடுத்த எழுத்துல ஸ்கேல் வச்ச ஒழுங்கைத் தேடாதீங்க, தூரிகை எங்க அழுத்துச்சு எங்க லேசாச்சுன்னு அப்படியே தெரியும், ஒரே சொல்லுல வர்ற ரெண்டு 'ம்' கூட ஒரே மாதிரி இருக்கணும்னு அவசியம் இல்ல. நாலடி தள்ளி நின்னு பாத்தாலும் இது இந்தப் புத்தகம்னு அடையாளம் தெரியறது அதனாலதான். இப்போ புத்தகக் கண்காட்சில ஒரு ரவுண்டு போனா அதே மூணு நாலு ஃபான்ட், கவிதைக்கும் அதுதான், சமையலுக்கும் அதுதான், ஷேர் மார்க்கெட்டுக்கும் அதுதான். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், டிராப் கேப். அத்தியாயத்தோட முதல் எழுத்தைப் பெருசாக்கறது. யூனிகோடுக்கு முந்தின பாமினி மாதிரி ஃபான்ட்ல, 'கொ'ன்னா கொம்பு, க, கால்னு மூணு துண்டு. ஒரு எழுத்தைப் பெருசாக்குன்னு சாஃப்ட்வேர்கிட்ட சொன்னா அது வெறும் கொம்பை மட்டும் பெருசாக்கிட்டு நிக்கும், 'க'வும் காலும் பொடிசா பக்கத்துல கிடக்கும். இப்படியே அச்சாகி வந்த புத்தகத்தைப் பாத்திருக்கேன், யாருமே கவனிக்கல. தமிழுக்கு டிராப் கேப் கட்டாயமே இல்ல. அத்தியாயத் தலைப்புக்கு மேலயும் கீழயும் நல்லா இடம் விட்டு முதல் வரியை ஆரம்பிச்சாலே போதும், பக்கம் தானா நிமிர்ந்து நிக்கும்.

நேர்ல பாக்கணும்னா சென்னை தரமணில இருக்கற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்க. அந்தப் புத்தகங்களைச் சேத்த கோட்டையூர் முத்தையா, போர்டு எழுதற ஓவியர். தமிழ்ப் புத்தகத்தை இவ்ளோ ஆசையா சேத்து வச்சவர் எழுத்து வரையற தொழில்ல இருந்தவர்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். போக முடியாதவங்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துலயும், ஈழத்துப் புத்தகங்களுக்கு 'நூலகம்'ங்கற பேர்ல இருக்கற வெப்சைட்லயும் ஸ்கேன் பாக்கலாம். படிக்க நேரம் இல்லன்னாலும் பரவால்ல, முதல் பக்கத்தையும் ஒவ்வொரு அத்தியாயம் முடியற இடத்துல போட்டிருக்கற சின்னப் பூவையும் மட்டும் புரட்டுங்க, 'இஃது' எந்த வரியில தனியா நிக்குதுன்னு தேடுங்க.