“போன வருடம் பார்த்தேனே, போதாதா?” – எச்.ஐ.வி. பரிசோதனை: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து அரசாங்கக் கிளினிக்குகளில் 26 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள் நான். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லும் அறையில்தான் அதில் பாதிக் காலம் கழிந்தது. வந்த கேள்விகளில் பெயர்களை நீக்கி, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை எழுதியவருக்கு அன்றே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன்.

பிறை: மிஸ்ஸி, முந்தாநாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. நாளைக்கு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது, தம்பி. உங்களுக்கு முதலில் வேண்டியது மருந்து. தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டிய ‘பெப்’ என்னும் மாத்திரைகள் இருக்கின்றன. 72 மணி என்பது கடைசி எல்லை. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பலனைக் குறைக்கும் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ, இந்த மருந்து வைத்திருக்கும் தனியார் கிளினிக்குக்கோ இப்போதே போங்கள். அங்கே முதலில் ஒரு பரிசோதனை செய்வார்கள். அது உங்கள் பழைய நிலையை மட்டுமே காட்டும். மருந்து முடிந்த பிறகு சொல்லும் தேதிகளில் மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாயான் லெப்பாஸ்: தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வயது 27. போன வருடம் பார்த்தேன், ‘நெகட்டிவ்’. மறுபடியும் எதற்கு?

அந்தத் தாள் போன வருடத்து உங்களைப் பற்றிப் பேசுகிறது. அதன் பிறகு நடந்த எதுவும் அதில் இல்லை. சரியாகச் சொன்னால், அன்றைய தேதி வரைக்கும்கூட அது முழுதாகப் பேசவில்லை. கிருமி உள்ளே நுழைந்த மறுநாளே பரிசோதனையில் சிக்குவதில்லை. கையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, கிருமியின் புரதத்தையும் நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவதால், 18 முதல் 45 நாட்களுக்குள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். விரல் நுனியிலோ வாய் நீரிலோ எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். அதனால்தான் நாங்கள் எப்போதும் “கடைசியாக எப்போது?” என்று கேட்போம். அது உங்கள் ஒழுக்கத்தை அளக்கும் கேள்வி அல்ல, நாள் கணக்குக்கான கேள்வி.

துணை மாறுகிறவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட துணை உள்ளவர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், ஊசி பகிர்கிறவர்கள் ஆகியோர் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு முறை என்பதற்குக் கீழே போகவே கூடாது. மற்றவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

உடம்பு சொல்லட்டும் என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. தொற்றிய சில வாரங்களில் சாதாரணக் காய்ச்சல் போல ஒன்று வந்து போகலாம், வராமலும் இருக்கலாம். பிறகு எட்டு, பத்து வருடம்கூட ஒன்றும் தெரியாமல் ஓடிவிடும். ஒருவர் என்னிடம் சர்க்கரை பார்க்க வந்தார். மூன்று மாதத்தில் 11 கிலோ இறங்கியிருந்தது, இடுப்புவாரில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஆடை போல வெள்ளை படர்ந்திருந்தது. சர்க்கரை சரியாகவே இருந்தது, இருந்தது எச்.ஐ.வி. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். ஐந்து வருடத்துக்கு முன் விரலில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்திருந்தால் அந்த நான்கு மாதமும் அவருக்கு வேலைநாட்களாக இருந்திருக்கும்.

பட்டர்வொர்த்: அக்கா, இரண்டு பிள்ளைப்பேற்றின்போதும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. சின்னவனுக்கு ஒன்பது வயது. கணவர் லாரி ஓட்டுகிறார். இப்போது மறுபடியும் போனால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகாதா?

கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை 1998-இல் தொடங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்ததற்கு, உங்களைப் போன்ற தாய்மார்கள் நீட்டிய கைதான் காரணம். ஆனால் கடைசிப் பிள்ளையோடு அந்தக் கதவு மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு நம் பெண்களை யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒன்பது வருடம் நீண்ட காலம், தங்கை. சண்டைக்கு இடம் கொடுக்காத வழி ஒன்றைச் சொல்கிறேன்: இருவருமாக ஒரே நாளில் போய், சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தத்தோடு இதையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள், பொதுப் பரிசோதனையில் தானாகச் சேர்ந்துவிடாது. அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆயர் ஈத்தாம்: கோயில் இரத்ததான முகாமில் வருடம் தவறாமல் கொடுக்கிறேன். அவர்களே சோதிப்பதால் தனியாகப் போக வேண்டாம் அல்லவா?

தானம் உங்களுக்கான பரிசோதனை அல்ல. மேலே சொன்ன நாள் இடைவெளி இரத்த வங்கியின் கருவிகளுக்கும் உண்டு. அந்த இடைவெளியில் கொடுத்த ஒரு பை இன்னொருவர் உடம்பில் ஏறிவிடலாம். சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள், முகாமுக்குப் போகாதீர்கள்.

ஜெலுத்தோங்: கிளினிக் தாதி எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். ஊருக்கே தெரிந்துவிடும்.

இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்த முகத்தை வராந்தாவில் பார்த்ததும் திரும்பிப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லாமலே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு. பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில் உள்ள வேறொரு கிளினிக்குக்குப் போவதிலும் தவறில்லை. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். வீட்டிலேயே செய்துகொள்ளும் சுயபரிசோதனைக் கருவியும் இருக்கிறது: குறித்த நிமிடங்கள் கழித்துச் சின்னச் சாளரத்தில் கோடு பார்க்க வேண்டும். ஒரு கோடு என்றால் தொற்று தென்படவில்லை. இரண்டு கோடு என்றால் தொற்று இருக்கலாம், ஆனால் அது முடிவல்ல. ஆய்வகத்தில் உறுதி செய்யும் வரை யாருக்கும் ‘எச்.ஐ.வி. உள்ளவர்’ என்று பெயர் வைக்கக் கூடாது. உறுதியானால் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி மருத்துவர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பார். உங்கள் தெருவுக்கு அல்ல.

ஜார்ஜ்டவுன்: வயது 58. இளமையில் கூட்டாளிகளோடு ஊசி போட்டேன். விட்டு 25 வருடம் ஆகிவிட்டது. இனிமேல் தெரிந்து என்ன பயன்?

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் இந்நாட்டில் எச்.ஐ.வி. பெரும்பாலும் ஊசி வழியாகவே பரவியது. 2002-இல் மட்டும் 6,978 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. இன்று பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் பரவுகிறது. அதனால் உங்கள் தலைமுறையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 25 வருடம் நன்றாக இருந்ததால் தொற்று இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தால், முதல்நிலை மருந்துகளை அரசாங்கம் குடிமக்களுக்கு இலவசமாகவே தருகிறது. தினமும் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவால் உங்கள் மனைவிக்குத் தொற்றாது. போகும்போது ஹெபடைட்டிஸ் சி-யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்; அதே ஊசி அதையும் கொண்டுவந்திருக்கலாம், அதை இப்போது மாத்திரையாலேயே குணப்படுத்துகிறார்கள்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். வியாழக்கிழமை காலை எனக்கு ஓய்வுதான், கிளினிக் வாசலில் நிற்கிறேன்.