ஊருணிப் படத்துக்கு வானவில் நிறம் வேண்டாம்

தம்பி, காரைக்குடிப் பக்கத்து ஊருணிகளின் நீர்மட்டத்தை வானவில் நிறங்களில் வரைந்தீர்கள், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டதும் வறண்டதும் நிறைந்ததும் ஒன்றுபோல் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கணக்கில் தப்பில்லை, கோளாறு நிறத்தில்தான். நீங்கள் போட்ட 'ஜெட்' என்னும் வானவில் நிறவரிசையில் இரு முனைகளும் (அடர்நீலம், அடர்சிவப்பு) இருட்டு. நடுவில் இருக்கும் மஞ்சள்தான் பளிச்சென்று இருக்கும். ஆத்தங்குடித் தரைக்கல்லில் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து இருந்தால் கொள்ளை அழகு. அங்கே எது கூடுதல், எது குறைவு என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் படத்தில் அதுதான் முதல் கேள்வி.

படம் வரையும் பைத்தான் நிரல்தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் 'விரிடிஸ்' நிறவரிசையைப் போடுங்கள். 2017இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, நிறவரிசை எதுவும் குறிக்காவிட்டால் இயல்பாகவே அதுதான் வரும். அதனால் நிரலில் எங்கோ 'ஜெட்' என்று எழுதியிருப்பீர்கள், தேடி எடுத்துவிடுங்கள். விரிடிஸில் வெளிச்சம் சீராக ஏறும், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையாது. அப்புறம், எல்லா மாதப் படங்களுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்.