கேளுங்க, சொல்றோம்: ராம்ப், மழை, வெயில்

கேள்வி: மழைத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு பேஸ்மட்டத்தை 2 அடி உயர்த்தி கட்டிட்டோம். இப்ப வீல்சேர் வர்றதுக்கு ராம்ப் வேணும், வாசலுக்கு முன்னாடி இருக்கிறதே 8 அடிதான். அதுக்குள்ள முடிச்சிடலாமா சார்?

பதில்: முடிக்கலாம், ஆனா அதுக்குப் பேரு சறுக்குமரம். பல நாடுகள்ல விதி 1-க்கு 12, அதாவது 1 அடி ஏற 12 அடி நீளம், உங்க 2 அடிக்கு 24 அடி, அதோட மேலயும் கீழயும் வண்டி நின்னு திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம். நேரா போக இடமில்லன்னா சுவரை ஒட்டி மடக்கி கொண்டு வாங்க, திரும்புற இடத்துலயும் சமதளம் விடணும்.

இன்னொண்ணு, 1-க்கு 12-ங்கிறது கடைசி எல்லை, அதையே நல்ல அளவுன்னு எடுத்துக்காதீங்க. வீல்சேரைத் தானே தள்ளிட்டு வர்றவருக்கு ரெண்டு கையும் சக்கரத்துல இருக்கும், குடை எங்க பிடிப்பாரு? நனைஞ்ச சக்கரம் கையில வழுக்கும், இறங்கும்போது பிடிச்சு நிறுத்தவும் முடியாது. அதனால கொட்டுற மழை இருக்கிற ஊர்ல ராம்ப்புக்கு மேல கூரை போடுங்க, முடியலன்னா சரிவை 1-க்கு 15, 1-க்கு 20ன்னு குறைச்சிடுங்க.

முற்றம் பெருசா இருந்தா கேட்ல இருந்தே தரையை 1-க்கு 20-ல மெதுவா உயர்த்திட்டு வந்துடலாம், படியும் வேணாம் தனி ராம்ப்பும் வேணாம், எல்லாரும் ஒரே வழியில வருவாங்க. எனக்கு இதுதான் பிடிக்கும், ராம்ப்னு தனியா ஒண்ணு போட்டா அதை எப்பவும் கட்டடத்துக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கத்துலதானே போடறாங்க! தண்ணி உள்ள வருமேன்னா வாசலுக்கு முன்னாடி குறுக்கே ஒரு வாய்க்கா வெட்டி இரும்பு கிரேட்டிங் போடுங்க. கம்பிக்கு நடுவுல இடைவெளி 12 மி.மீ.க்கு மேல போகக்கூடாது, கம்பி நடக்கிற திசைக்குக் குறுக்கா இருக்கணும், இல்லன்னா முன்சக்கரமும் ஊன்றுகோலும் மாட்டிக்கும்.

கேள்வி: ராம்ப்புக்கு பளபளன்னு கிரானைட் போடலாமா?

பதில்: வேணாம். ஈரமானா எல்லாரும் விழுவாங்க. சிமெண்ட் காயறதுக்குள்ள துடைப்பத்தால குறுக்கா கோடு இழுத்து விடுங்க, செலவும் கம்மி. நிழல்ல பாசி பிடிக்கும், மழைக்காலத்துல அப்பப்ப தேய்ச்சு விட ஆள் வேணும்.

கேள்வி: பார்க்ல நடைபாதையைச் சமமா போட்டாச்சு, ராம்ப்பும் இருக்கு. அப்புறம் ஏன் மாற்றுத்திறனாளிகள் யாரும் வர்றதில்ல?

பதில்: நிழல் இருக்கா? முதுகுத்தண்டு அடிபட்டவங்க பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ வியர்க்காது, அதனால உடம்பு சூட்டை வெளியேத்த முடியாது, நமக்கு வெறும் கசகசப்பா இருக்கிற வெயில் அவங்களுக்கு நிஜமாவே ஆபத்து. வயசானவங்களும் உட்கார இடமில்லன்னா திரும்பிடுவாங்க. ஸ்டீல் கைப்பிடியை மதியம் தொட்டுப் பாருங்க, யார் பிடிப்பா? சிங்கப்பூர்ல ரயில், பஸ் ஸ்டாப்ல இருந்து கூரை போட்ட நடைபாதை நிறைய இருக்கு, வெயில் மழை ரெண்டுக்கும் அதுவே பதில். மரம் வைக்கலாம், ஆனா பாதையை ஒட்டி வச்சா வேர் கல்லைத் தூக்கிடும், வேருக்குன்னு மண்ணு விட்டு வைங்க.

கேள்வி: இதெல்லாம் சட்டத்துல இருக்கா, இல்ல நம்ம விருப்பமா?

பதில்: இருக்கு. சிங்கப்பூர் 1990-லேயே தடையற்ற கட்டடங்களுக்கு விதி கொண்டு வந்துடுச்சு, பிரேசில் 2015-ல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு தனிச் சட்டமே போட்டுச்சு. இந்தியாவுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நிறுவனங்களோட பிளான் அணுகல் விதிகளுக்கு (அதாவது எல்லாரும் தடையில்லாம வந்து போறதுக்கான விதிகளுக்கு) ஒத்து வரலன்னா கட்ட அனுமதியும் கிடையாது, கட்டி முடிச்ச சான்றிதழும் கிடையாது. ஆனா அந்த விதிகள் வெறும் பரிந்துரை மாதிரி இருந்துச்சு, அது செல்லாதுன்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லி, கட்டாய விதிகளை எழுதச் சொல்லுச்சு.

என் குறை வேற, விதியில சரிவும் அகலமும் அக்கறையா இருக்கும், நிழலும் மழைக்கூரையும் அந்த அளவுக்கு இருக்காது. அதனால பில்டருக்கு கடைசி பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி வீல்சேர் பயன்படுத்துற ஒருத்தரை, முடிஞ்சா மழை பெய்ற அன்னிக்கே, கேட்ல இருந்து டாய்லெட் வரைக்கும் போய்ப் பார்க்கச் சொல்லுங்க, எங்க போக முடியாம நிக்கிறாரோ அதைச் சரிபண்ணின பிறகு செக் போடுங்க.